தொப்பி போட்ட தேனீக்கூட்டம்

ப்ரூயிட் குடும்பத்து வீட்டின் முன்தூணில் ஒவ்வொரு மே மாதமும் தேனீக்கள் வந்து, தொப்பி போட்ட ஓர் ஆணின் உருவத்தில் ஒரு வாரம் தொங்கும். அமெரிக்காவின் ஓசார்க் மலையில் ஆட்டர் ஓடைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தபால்காரர் அந்த வாரம் மட்டும் பின்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போவார். முற்றத்தில் குடைந்த மரக்கட்டையில் செய்த பழைய தேன்கூடு காலியாகத்தான் கிடந்தது. தேனீக்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குடும்பத்தின் மூத்தவரான லெமுவல் ப்ரூயிட், 1871 மே மாதத்தில் ஒரு காலை காட்டுத்தேன் தேடிப் போனவர், திரும்பவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து ஆண்கள் மேற்கே ஆரிகனுக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்த காலம். அவரும் வாய் ஓயாமல் ஆரிகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர். வீட்டுச் சாவியும் அவரோடு போயிருந்தது. ஓடிவிட்டார் என்று மனைவி டிர்ஸா முடிவுசெய்தாள். ஆனால் சாகும்வரை பூட்டை மட்டும் மாற்றவிடவில்லை; அவளுக்குப் பின் வந்தவர்களும் மாற்றவில்லை. அதனால் அந்த வீட்டை வெளியிலிருந்து பூட்ட முடியாது; யாராவது ஒருவர் உள்ளே இருந்து கட்டை போட வேண்டும். அதன் பிறகும் ப்ரூயிட்டுகள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி நேவாவின் அப்பா மாட்டுத்தீவனம் வாங்கப் போனவர், போனவர்தான். அண்ணன் எங்கே போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ‘ப்ரூயிட் கால்’ என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. நாற்பது வயது நேவா, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, மாலையில் தன் பாதங்களைக் கவனிப்பாள். அவை எங்கோ கிளம்பத் தயாராக இருப்பதுபோல் குறுகுறுக்கும். நாள் முழுக்க நின்ற வலியாகவும் இருக்கலாம். எது வலி, எது ரத்தம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

கிணற்றுப் பம்பு பழுதுபார்க்கும் வெர்ல் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இந்தத் தேனீக்காரராவது ஒரு வாரத்துல கிளம்பிடறாரு. நான் வருசம் பூரா வாசல்லயே நிக்கறேன்.”

“என்னைக் கட்டிக்கிட்டா ஒரு நாள் தனியா நிப்பே, வெர்ல். எங்க ரத்தம் அப்படி.”

“இப்ப மட்டும் கூட்டமாவா நிக்கறேன்?”

அவள் சிரித்தாள்; ஆனால் சம்மதிக்கவில்லை. லெமுவல் ஏன் ஓடினார் என்று தெரிந்தால், அது தனக்குள்ளும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். கோடை விடுமுறைகளில், வீட்டுக்கு இமோஜின் அத்தையைக் காவல் வைத்துவிட்டு, ஆரிகனுக்குப் பேருந்தில் போய்க் கல்லறை கல்லறையாகத் தேடினாள். அங்கே ப்ரூயிட் என்று ஒருவரும் இல்லை.

மே கடைசியில் ஊரே கூடிக் கல்லறைகளில் புல் செதுக்கி, பூ வைத்து, அங்கேயே உட்கார்ந்து வறுத்த கோழி சாப்பிடும் நாள் வந்தது. அந்த வருடம் தேனீக்கள் தாமதமாக வந்து இன்னும் தூணில் தொங்கிக்கொண்டிருந்தன; அவையே காவல் என்று அத்தையும் வந்திருந்தாள். டிர்ஸாவின் கல்லருகே இருந்த வெறும் நிலத்தை அத்தை முட்கரண்டியால் காட்டினாள்.

“ஓடினவனுக்கு இடம் விட்டு வச்சிருக்கா பாரு, பைத்தியக்காரி.”

“அத்தை, அவர் போனதைத் தேனீங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?”

வீட்டுக்காரர் இறந்தால் வீட்டுச் சாவியால் தேன்கூட்டைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் தேனீக்கள் கூட்டை விட்டுப் போய்விடும். அந்தப் பக்கத்தில் இதை மறப்பவர் இல்லை.

“செத்தாத்தானேடி சொல்லணும்? ஓடிப்போனதை எவ போய்ச் சொல்லுவா? தட்டறதுக்குச் சாவி ஏது?”

நேவா கையிலிருந்த கோழித்துண்டைக் கீழே வைத்தாள். திரும்பி வர நினைக்காதவர் சாவியை எதற்கு எடுத்துப்போக வேண்டும்? தூணில் தொங்கும் தேனீக்கள் அடம்பிடிக்கவில்லை. அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, லெமுவல் தேன் தேடிய முறையிலேயே, தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். உருவத்தின் தொப்பியிலிருந்து சில தேனீக்கள் இறங்கிக் குடித்துவிட்டு, நூல் பிடித்ததுபோல் ஒரே திசையில் பறந்தன. அந்தத் திசையில் தட்டை நகர்த்தி நகர்த்தி நடந்தாள். வெர்ல் கயிற்றோடு கூட வந்தான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேட்டுக்குப் பின்னால், முட்புதர் மூடிய சுண்ணாம்புப் பாறைக் குழியில் தேனீக்கள் இறங்கின. கிணறுகளில் இறங்கிப் பழகிய வெர்ல் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

“நேவா, இங்க ஒருத்தர் இருக்காரு,” என்று குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, “நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க இவரை.”

விலா எலும்புகளுக்குள் தேனடை கட்டியிருந்தது. அதற்குள் சாவி, துருவே இல்லாமல்.

நேவா பாறையில் உட்கார்ந்தாள். அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார். அப்படியானால் அப்பா போனது அப்பாவின் காரியம். அண்ணன் போனது அண்ணனின் காரியம். கால்கள் வலித்தன. வெறும் வலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

டிர்ஸா விட்டுவைத்த இடத்தில், கிழக்கே பார்க்க அவரைப் புதைத்தார்கள்.

“நூறு வருசமாத் திட்டித் தீத்துட்டோமே மனுசனை,” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

“தேனுக்குள்ள கெடந்தவரு, அத்தை. கசந்திருக்காது,” என்றான் வெர்ல்.

வீட்டுக்கு வந்ததும் நேவா சாவியால் முன்தூணைத் தட்டினாள். “லெமுவல் தாத்தா செத்துட்டாரு. இனி இந்த வீட்டுக்கு நான்தான். போயிடாதீங்க.”

முதலில் தொப்பி கழன்றது. வீட்டுக்குள் நுழையும் ஆண்கள் செய்வதுபோல, உருவம் அதை மார்பருகே சற்று நேரம் வைத்திருந்தது. பிறகு தோள், கை, கால் என்று இறங்கி முற்றத்தைக் கடந்து காலி மரக்கட்டைக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. தேவாலயத்துக்குக் கிளம்பும்போது நேவா கதவை வெளியிலிருந்து பூட்டினாள். சாவி தேன் பிசுபிசுப்போடு சுலபமாகத் திரும்பியது. காவலுக்கு ஆள் தேவைப்படாததால் அத்தையும் வந்தாள். அடுத்த மே மாதம் தூண் காலியாக இருந்தது. வெர்ல் அதில் ஓர் ஆணி அடித்துத் தன் தொப்பியை மாட்டிக்கொண்டான். தபால்காரர் முன்வாசலுக்கே வந்தார்.