முதலில் வெந்நீர்

பயிற்சிக்கு வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியவை என்று பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு படுக்கை விரிப்பு, கம்பளி, டார்ச், தட்டு, டம்ளர், பூட்டு. கடைசியாக, நீங்கள் துணை நின்ற ஒரு பெண்ணின் வழக்கைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு. முதல் நாள் எல்லோர் முன்பும் அதை நீங்களே படிக்க வேண்டும்.

குறிப்பைத் தவிர மற்றதையெல்லாம் சித்தார்த்தன் பார்த்துக்கொண்டான். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் வைதேகி சேர்ந்தாற்போல் பத்து நாள் அவனை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. மந்தைவெளி வீட்டின் ஹாலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுடைய காட்டன் புடவைகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு அடுக்கினான். பூட்டுக்கு மூன்று சாவி செய்து வாங்கி வந்தான். ஒன்று உனக்கு, ஒன்று நீ தொலைப்பதற்கு, மூன்றாவது நான் வந்து திறப்பதற்கு என்றான்.

பதினொரு வயது மதுவந்தி கட்டிலில் குப்புறப் படுத்தபடி, அங்கே போய் என்னம்மா படிப்பே என்று கேட்டாள். கொடுமைக்கு ஆளானவர்களோடு போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் எப்படிக் கூடப் போவது என்று சொல்லித் தருவார்கள் என்றாள் வைதேகி.

"அதான் நாலு வருஷமா போயிண்டு வந்துண்டு இருக்கியே, அது தெரியாமலா போனே?"

வைதேகி சிரித்தாள்.

அடையாறில் விஜயலக்ஷ்மி என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தன் வீட்டின் கீழ்ப்பகுதியில் நடத்திய பெண்கள் உதவி மையத்தில்தான் அவள் அந்த நாலு வருஷமும் வேலை செய்தாள். சம்பளம் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த நிலையில் வந்தாலும் எதுவும் கேட்கக்கூடாது. முதலில் வெந்நீர், அப்புறம் காபி, அப்புறம்தான் பேச்சு என்பார் விஜயலக்ஷ்மி. பின்கட்டில் எப்போதும் பாய்லர் புகைந்துகொண்டிருக்கும். அலமாரியில் துவைத்து மடித்த புடவைகள் இருக்கும். மையத்துக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

வைதேகி தன் குறிப்பையும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலையில் தேவானை வந்தாள். வேளச்சேரியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் சித்தாள் வேலை. அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் அவளைக் கெடுத்துவிட்டான். வீட்டுக்குப் போகப் பயந்து மையத்தின் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டி நடுங்கியவளை வைதேகி உள்ளே அழைத்துப்போய், தன் கையாலேயே வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். தலை துவட்டி, வேறு புடவை கட்டிவிட்டாள். அழுக்கும் சிமெண்டும் ரத்தமுமாக இருந்த புடவையை, அவள் கண்ணில் படாதபடி சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதன் பிறகுதான் தேவானை வாயைத் திறந்தாள். மத்தியானம் இரண்டு பேரும் காவல் நிலையம் போனார்கள்.

வழக்கு தோற்றுவிட்டது. சாட்சியம் போதவில்லை என்று மட்டும் மையத்து வக்கீல் துரைராஜ் சொல்லியிருந்தார். விசாரணை மூடிய அறையில் நடந்ததால் வைதேகி வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கூண்டிலிருந்து இறங்கி வந்த தேவானை, எனக்கு சரியா பேச வரலக்கா என்றாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் புருஷன் வேலு, கோர்ட்டே உன்னை நம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

தேதியெல்லாம் சரியாக எழுத வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை துரைராஜிடமிருந்து தீர்ப்பு நகலை வாங்கினாள். லஸ்ஸில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு நின்றாள். ஏழாவது பக்கம் சூடாகக் கைக்கு வந்தது. நின்றபடியே படித்தாள்.

முதல் சாட்சியான புகார்தாரர் தன் துணிகளைத் தானே துவைத்ததாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒரு கொடுமைக்கு ஆளான பெண், நிதானமாகக் குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு, மாற்றுப் புடவை உடுத்திக்கொண்டு காவல் நிலையம் போனது இயல்பாகத் தெரியவில்லை. சோதனைக்கு அனுப்பிய துணியிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை.

கடைக்காரர் மீதிப் பக்கங்களை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்காமல் நின்றாள்.

நேரே அடையாறு போய் அந்தப் பக்கத்தை விஜயலக்ஷ்மியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். நமக்கு யார் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். பிறகு, வேறு வழக்கை எழுதிக்கொண்டு போகும்படி சொன்னார். இது வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒருத்தி நம் வாசலுக்கு வருவாளா என்று கேட்டார். தேவானையிடம் போய்ச் சொல்லவே வேண்டாம், ஆறிக்கொண்டு வருகிறவளை ஏன் கிளற வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை.

வைதேகி அன்று சாப்பிடவில்லை. சித்தார்த்தன் ஏதோ கேலி பேச வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காகிதத்தை வாங்கிப் படித்தான்.

"வேற கேஸ் எழுதலாம். ஆனா நான்தான் பேசத் தெரியாம தோத்துட்டேன்னு அவ நெனச்சுண்டே இருப்பா இல்லையா?"

"அதான்" என்றாள் அவள்.

"நானும் கூட வரட்டுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தேவானை அடையாறில் ஒரு மெஸ்ஸின் பின்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பதினொரு மணி. காலைப் பலகாரம் முடிந்து சாப்பாட்டுக் கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது. வைதேகியைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு, அவளுக்காக ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள். ஊருக்குப் போறியாமே, ஸ்வெட்டர் எடுத்துக்கினியா என்று விசாரித்தாள்.

வைதேகி உட்காரவில்லை.

"துணியை நீயே துவைச்சதா கோர்ட்ல ஏன் சொன்னே தேவானை?"

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பின்ன இன்னாக்கா சொல்றது? யாரு தொவச்சதுன்னு அவனோட வக்கீலு கத்தினான். உன் பேரைச் சொன்னா உன்னையும் இஸ்துக்கினு வந்து கூண்டுல நிக்க வெச்சு, என்னைக் கேட்ட மாதிரியே கேப்பானுங்க. நீ தாங்க மாட்ட."

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று வைதேகிக்குத் தெரிந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தப் புடவை துவைக்காமல் அப்படியே சோதனைக்குப் போயிருந்தால் அவன் தப்பியிருக்க மாட்டான். குளிக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். உன் பேச்சினால் தோற்கவில்லை. நான் செய்ததால் தோற்றது.

குழாயிலிருந்து தண்ணீர் அண்டாவில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. தேவானை அதை மூடவில்லை.

"அப்ப எனக்குப் பேச வரலன்னு இல்ல."

"இல்லை."

"ரெண்டு வருசமா தெனம் அதையே பேசிப் பாத்துக்கினு கீறேன்க்கா. இப்படி சொல்லியிருக்கணும், அப்படி சொல்லியிருக்கணும்னு. பாத்திரம் தேய்க்கிறப்போ கூட."

வைதேகி, நான் வேலுவிடம் போய்ச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். தேவானை கையைக் காட்டித் தடுத்தாள். வைதேகியின் கையிலிருந்த ஏழாவது பக்கத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஈரக்கை பட்டுக் காகிதத்தின் ஓரம் நனைந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு முழுக்க நெனச்சுப் பாத்தா அந்த வெந்நி ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. ஒருத்தி நம்மளத் தொட்டுக் குளிப்பாட்னாளேன்னு. இப்ப அதையும் எடுத்துக்கினு போறியேக்கா."

தேவானை மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய் நாரைக் கையில் எடுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ இட்லித் தட்டு கேட்டார்கள். தேவானை எழுந்து கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, அங்கே என் கதையைப் படிக்கப்போகிறாயா என்று கேட்டாள். நீ வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன் என்றாள் வைதேகி.

"படி. என் பேரு வாணாம். நான் தொவச்சேன்னு மட்டும் படிக்காத."

வீடு திரும்பும் வழியில் வைதேகி மையத்தில் இறங்கினாள். விஜயலக்ஷ்மி வாசலுக்கு வரவில்லை. பின்கட்டில் பாய்லர் எரியவில்லை. அடியில் சாம்பலை யாரோ வாரி ஓரமாகக் குவித்திருந்தார்கள்.

சாயங்காலம் பழைய குறிப்பைக் கிழித்துவிட்டு மேஜைக்கு முன் உட்கார்ந்தாள். சித்தார்த்தன் காபி கொண்டுவந்து வைத்தான். தேவானை மன்னித்தாளா என்று மெதுவாகக் கேட்டான்.

"அதை நான் கேக்கலை."

அவன் பெட்டியை மூடிப் பூட்டினான். மூன்றாவது சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதுவந்தியை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். வைதேகி பேனாவைத் திறந்து முதல் வரியை எழுதினாள்.

துணியைத் துவைத்தது நான்.