வீட்டில் பறவை உண்டா?

மகாராணி என்பது ஒரு கோழி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் நடந்த பேச்சைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள், பாவம், மாமியார்க்காரி படுத்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஏதாவது சாப்பிட்டாளா?"

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு வாய் எடுக்கல."

"வெளிக்குப் போனாளா?"

"கொஞ்சமா. தண்ணி மாதிரி."

கேட்டவர் வீட்டுக்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோனதால் இப்போது பின்கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பதில் சொன்னவள் அவர் மனைவி. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரே மகாராணி வாலைத் தொங்கப்போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. இறகெல்லாம் உப்பியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது.

"பேசாம சூப்பு வச்சுரு," என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல உங்க முட்டியைப் போட்டு வைக்கிறேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் இருந்தது பயம். கோழி செத்துவிடுமோ என்ற பயம் பாதி என்றால், அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு முட்டைப் பண்ணையில். ஊருக்கு வெளியே நான்கு நீளக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாயிரம் கோழிகள். நான்காவது கொட்டகை அவள் பொறுப்பு. அதனால் பண்ணையில் எல்லோருக்கும் அவள் 'நாலாம் ஷெட்டு'. சொந்தப் பேர் சம்பளச் சீட்டோடு சரி. பண்ணை வாசலைத் தாண்டியதும் ஒரு மஞ்சள் போர்டு இருக்கும்: 'சந்தேகம் வந்தால் உள்ளே வராதே.' எழுதி வைத்தவர் பண்ணை டாக்டர். மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் உட்கார வைத்து அதையே பாடமும் எடுப்பார். வெளியிலிருந்து ஒரே ஒரு காலில் ஒட்டிக்கொண்டு நோய் வந்தால் போதும், நாலே நாளில் நாற்பத்தெட்டாயிரமும் குழிக்குள் போய்விடும் என்பார். கடைசியில் "கையைக் கழுவு, கையைக் கழுவு" என்று இரண்டு தடவை சொல்லி முடிப்பார். ஆகவே பண்ணையில் வேலை செய்கிற யாரும் வீட்டில் ஒரு குருவிகூட வளர்க்கக் கூடாது. தினமும் காலையில் வாசலில் இருக்கும் நோட்டில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். வீட்டில் பறவை உண்டா? இரண்டு வருஷமாக அவள் கூசாமல் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மகாராணியும் அதே பண்ணைக் கோழிதான். முட்டை குறைந்த கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பிய அன்றைக்கு, இது ஒன்று மட்டும் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. லாரி போன பிறகு மெதுவாக வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அவள் செருப்பைக் கொத்தியது. அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டுப் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டாள். மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன மாதம் அது. வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தது. வீட்டுக்காரர் பேசுவதை அவள் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விடிந்தால் திங்கட்கிழமை. மகாராணிக்கு வந்திருப்பது தொற்று நோயாக இருந்தால், அதைக் கொட்டகைக்குள் கொண்டுபோகப் போவது அவள் கால்தான். போகாமலே இருந்துவிடலாமா? சொல்லாமல் ஒரு நாள் நின்றால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். சொல்லிவிட்டு நிற்பதென்றால் என்ன காரணம் என்று கேட்பார்கள். வேலை போனால் மகள் படிப்பு பாதியில் நின்றுவிடும், வீட்டில் சம்பாதிக்கிற கை ஒன்றுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. கூண்டுக் கோழிக்காவது முன்னால் தீவனத் தொட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

"எந்த டாக்டர்? இந்தச் சுத்துவட்டாரத்துல கோழிக்கு டாக்டர்னா ஒரே ஆளுதான். உங்க பண்ணை டாக்டர். அவர்கிட்ட போய், நான் திருட்டுத்தனமா வளக்கிற கோழிக்கு வைத்தியம் பாருங்கன்னு கேளு, சந்தோஷப்படுவார்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகாராணியைத் துணிப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைத்தெரு மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. நாய்க்கும் பூனைக்கும்தான் அங்கே வைத்தியம். பெஞ்சில் காத்திருந்த கன்றுக்குட்டி உயர நாய் ஒன்று, பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த தலையைக் கண்டதும் எஜமானர் காலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது. உடம்புக்கு முடியாத நேரத்திலும் மகாராணி அதை ஒரு முறை முறைத்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. கோழியை மேஜைமேல் வைத்ததும் அவள் முகத்தில் பரீட்சைக் களை வந்துவிட்டது. இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள்.

"அலகு நுனியை வெட்டியிருக்கே. பண்ணைக் கோழியாம்மா?"

"சந்தையில வாங்கினது மேடம்."

"தப்பா நினைக்காதீங்க. கோழி வைத்தியம் நான் புத்தகத்துல படிச்சதோட சரி. தொத்து நோயான்னு என்னால உறுதியா சொல்ல முடியல. என் சீனியர் ஒருத்தர் இருக்கார், கோழியில கரைகண்டவர். இருங்க, கேட்டுடறேன்."

எந்த சீனியர் என்று கேட்க அவளுக்கு வாய் வருவதற்குள் டாக்டரம்மா எண்ணை அழுத்திவிட்டாள். கையில் உறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜைமேல் கோழிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மாதா மாதம் பாடத்துக்கு முன்னால் கேட்கிற அதே செருமல். பண்ணை டாக்டரேதான்.

"முகம் வீங்கியிருக்கா?" என்றது போன்.

"இல்ல சார்."

"கொண்டை நீலம் பாய்ஞ்சிருக்கா? கழுத்து திருகுதா?"

"கொண்டை வெளுத்திருக்கு, அவ்வளவுதான். கழுத்து நல்லா இருக்கு."

"சரி, இதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க. வளக்கிறவங்க வேற கோழிங்க இருக்கிற இடத்துக்குப் போய் வர்றவங்களா? அதுதான் முக்கியம்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "போறதுண்டாம்மா?"

'இல்லை' என்ற சொல் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு வருஷம் பழகிய சொல். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஆனால் காலையில் விளக்கைப் போட்டதும் பன்னிரண்டாயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்புவது நினைவுக்கு வந்தது. அவளைப் பார்த்து அப்படித் திரும்புகிறவை உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அதோடு மகளின் முகமும் நினைவுக்கு வந்தது.  போன் பக்கம் குனிந்தாள்.

"சார், நான் உங்க நாலாம் ஷெட்டு சார்."

மறுமுனை அப்படியே அடங்கிப்போயிற்று. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அமைதியில், போனுக்குள் எங்கோ பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல் கிளம்பியது.

"கையைக் கழுவு! கையைக் கழுவு!"

மனுஷக் குரல் இல்லை அது. பின்னாலேயே கம்பியில் இறக்கை படபடத்து அடிக்கும் சத்தமும் வந்தது. கிளி. கூண்டில் இருக்கும் கிளி.

பண்ணை டாக்டர் இரண்டு தடவை செருமினார். "டிவி ஓடுது," என்றார்.

"ஆமா சார், சத்தம் கேக்குது," என்றாள் டாக்டரம்மா வெள்ளந்தியாக.

அதற்குப் பிறகு அவர் படபடவென்று பேசினார். உறையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முட்டை வருகிற வழியில் ஒரு விரலை மெதுவாக விட்டுப் பார்க்கச் சொன்னார். டாக்டரம்மா பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சார், முட்டை! உள்ள சிக்கிக்கிட்டு நிக்குது!"

"அவ்வளவுதான். தொத்து நோய் இல்ல. கால்சியம் ஊசி போடுங்க. வீட்டுல வெதுவெதுப்பான தண்ணியில வயிறு முங்குற மாதிரி உட்கார வைக்கச் சொல்லுங்க, அப்புறம் இருட்டான இடத்துல விடணும். வச்சிடறேன்." அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார்.

வீட்டில் வாய் அகன்ற பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்காரர் சாயங்காலம் கால் இரண்டையும் விட்டுக்கொள்கிற வெந்நீர் டப். அவர் முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அவள் கோழியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீர் ஆறினால் அவரே நொண்டிக்கொண்டு போய் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக் காத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் இரண்டு தடவை இப்படி நடந்தது. மூன்றாம் தடவை கதவைத் திறந்தபோது தரையில் ஓடே இல்லாமல் தோல் முட்டை ஒன்று கிடந்தது. மகாராணி வாளியில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"சுகப்பிரசவம்," என்றார் வீட்டுக்காரர்.

அவள் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. நாளைக் காலையில் அந்த வாசலில் போய் எந்த முகத்தோடு நிற்பது?

மறுநாள் போனபோது பண்ணை டாக்டர் அவளுக்கு முன்னால் வந்து நோட்டருகில் நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். குனிந்து எழுதினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்தாள். வீட்டில் பறவை உண்டா என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், 'இல்லை.' எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவரும் பேசப்போவதில்லை, அவளும் பேசக்கூடாது. உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. அவருக்குக் கீழே அவளும் எழுதினாள்.

"டாக்டரே பேனா குடுக்கிறாரு, பெரிய ஆளாயிட்ட," என்றார் வாச்மேன்.

வாசலிலிருந்து கால் நனைக்கிற மருந்துத் தொட்டிக்குப் பத்தடி தூரம். அதைத் தாண்டினால் கொட்டகைகள்தான். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"போட்டுச்சாம்மா?" என்றார் மெதுவாக.

"போட்டுச்சு சார். ஓடு இல்லாம."

"கிளிஞ்சல் தூள் குடுங்க. சரியாயிடும்."

அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். வீட்டுக்காரரோடு குப்பை கொட்டிய வாய், சும்மா இருக்கவில்லை.

"உங்க டிவி நல்லா இருக்கா சார்?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் நின்றுவிட்டார். அப்போதுதான் அவர் கண் சிவந்திருப்பதைக் கவனித்தாள்.

"ரெண்டு நாளா சாப்பிடல. மூக்குல தண்ணியா வருது. நேத்து போன் சத்தத்துல பயந்து ரெண்டு வார்த்தை பேசுச்சு, அவ்வளவுதான். அப்புறம் வாயே திறக்கல."

"என்ன சீக்கு சார்?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். டெஸ்டுக்கு அனுப்பினா என் பேரைப் போடணும்." அவர் குரல் உடைந்தது. "ஊர்ல எல்லாரும் என்கிட்ட வர்றாங்க. நான் யார்கிட்டம்மா காட்டுவேன்?"

சொல்லிக்கொண்டே வலது காலைத் தொட்டிக்குமேல் தூக்கினார். நான்கு கொட்டகைக்கும் தினமும் போய் வருகிற கால் அது.

"சார்," என்றாள். "உள்ள போகாதீங்க சார்."

கால் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், உன்னை ஒரே வரியில் வெளியே அனுப்பிவிட முடியும் என்பது தெளிவாக இருந்தது.  தொட்டிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் போர்டு இருந்தது, அதைக் காட்டக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"என்னைப் போகாதேன்னு சொல்றீங்களா?"

"நேத்து நீங்க கேட்டீங்க. நான் மறைக்காம சொன்னேன்ல சார்."

 பிறகு அவர் காலைக் கீழே வைத்தார், தொட்டிக்கு இந்தப் பக்கம். வாசலுக்குத் திரும்பி நடந்தார். வாச்மேனிடம் காய்ச்சலடிக்கிறது என்று சொல்லி, நோட்டை வாங்கித் தன் வரியைக் குறுக்கே அடித்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. நன்றியா, பகையா என்பது நாளைக்கு அவர் வந்தால்தான் தெரியும்.

"டாக்டருக்கே காய்ச்சலா?" என்றார் வாச்மேன். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வீட்டுலயும் யாருக்கோ உடம்பு சரியில்லையாம்."

வாச்மேன் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார், வழக்கம்போல. அவள் தொட்டிக்குள் இறங்கினாள். மருந்துத் தண்ணீர் கணுக்கால்வரை சில்லென்று ஏறியது. நோட்டில் டாக்டர் தன் வரியை அடித்தாயிற்று, அதற்குக் கீழே தான் எழுதிய 'இல்லை' மட்டும் தனியாக நிற்கும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. திரும்பிப் போய் அதையும் அடிக்கலாமென்றால் வெளியே நிற்க வேண்டும், மகளும் படிப்பை விட்டுவிட்டு வெளியே நிற்பாள். அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். பன்னிரண்டாயிரம் கழுத்துகள் திரும்பின. கேட்டைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை அவளும் உள்ளேதான்.