அக்காவுக்கு வலியே இல்லையாம்

பல்வலிக்காரியிடம் போய், "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? என் அம்மா சொன்னாள். ஒருமுறை அல்ல, போன் பண்ணும்போதெல்லாம் சொன்னாள். எந்தப் பல்லைக் கடிக்கச் சொல்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால், "உனக்கு எப்பவும் குதர்க்கம்தான்" என்று போனை வைத்துவிடுவாள்.

விஷயம் இதுதான். எனக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது. மாத்திரை சாப்பிட்டு வீக்கத்தை இறக்கி, ரூட் கெனால் செய்து, மேலே ஒரு கேப்பும் மாட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீக்கம் போனது. வலி போகவில்லை. சும்மா இருக்கும்போது உள்ளே யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பட்டுவிட்டால் போச்சு, காது வழியாக உச்சந்தலைக்கு ஏறும்.

படாமல் பார்த்துக்கொள்ள முடியாத வேலை எனக்கு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்சை எப்படி விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். பயிற்சி வண்டியில் என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் வண்டியை நிறுத்தலாம், துள்ளலை நிறுத்த முடியாது. ஒவ்வொரு துள்ளலுக்கும் பல்லோடு பல் மோதும், எனக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டு வரிசைக்கும் நடுவில் நாக்கை வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன். நாக்கு புண்ணானது. கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொண்டேன். கைக்குட்டை அடைத்த வாயோடு "மெதுவா, மெதுவா" என்று நான் முனகினால் கற்றுக்கொள்கிறவருக்கு என்ன விளங்கும்? பயந்துபோய் இன்னும் வேகமாக மிதித்தார்கள். அதற்கும் நான்தான் கத்தினேன். முன்பெல்லாம் என்னிடம்தான் கற்றுக்கொள்வேன் என்று கேட்டு வருவார்கள். இப்போது வேறு யாராவது இருக்கிறார்களா என்று அலுவலகத்தில் மெதுவாக விசாரிக்கிறார்களாம்.

டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். டாக்டர் வெளியாள் இல்லை, என் தம்பி மனைவி.

அவள் சொந்தமாக கிளினிக் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக், மாடியில் அவர்களும் அம்மாவும். தம்பி பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு கிளினிக்கின் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டான். போன் எடுப்பது, நோயாளிகளை வரிசையாக உள்ளே அனுப்புவது, வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவது எல்லாம் அவன்தான். சிறுவயதிலிருந்தே எதையும் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரன். அப்பா கோபமாக இருந்தால் எங்களிடம் வந்து "அப்பா சிரிச்சுக்கிட்டுதான் இருக்கார்" என்பான். நம்பிப் போய் நான் அடி வாங்குவேன்.

கேப் மாட்டிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறேன். வாய்க்குள் பஞ்சு, காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, எச்சிலை உறிஞ்சும் குழாய். தம்பி மனைவி குனிந்து, "வலி இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல நாக்கை எடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற தம்பி, "இல்லையாம்" என்றான். என் வாய்க்குள் கிடக்கிற பல்லைப் பற்றி அவன் பதில் சொல்கிறான். நான் "ம்ம்ம்" என்றேன். அது 'அப்படி இல்லை' என்பதற்கான ம்ம்ம். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "நல்லது" என்றாள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்டா, வலிக்குதுன்னு சொல்ல வந்தா நீ ஏன்டா குறுக்க பேசற?"

"அக்கா, வெளியில நாலு பேரு உக்காந்திருக்காங்க. சத்தமாப் பேசாத. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். நான் அவகிட்ட பக்குவமாக் கேட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து எல்லாம் அவன் வழியாகத்தான். கிளினிக்குக்குப் போன் செய்தால் அவன் எடுப்பான். அவள் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள், தன் போனையும் அவனிடம்தான் கொடுத்து வைத்திருப்பாள். நான் வலிக்கிறது என்பேன். மறுநாள் பதில் வரும்: "கேட்டேன் அக்கா. சாதாரணம்தானாம். போகப் போக சரியாயிடுமாம்." திரும்பவும் வலிக்கிறது என்பேன். "கேட்டேன் அக்கா. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையாம். நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறதாலதான் வலிக்குதாம்."

அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நினைப்பதால் வலிக்கிறதாம். இத்தனை நாள் ஒரே வீட்டுப் பெண்ணாகப் பழகியவள், என் கன்னத்தை ஒருதரம் தொட்டுக்கூடப் பார்க்காமல், மாடியிலிருந்து தீர்ப்புச் சொல்லி அனுப்புகிறாள். அவளுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? இந்த நாத்தனார்தானே. மனதுக்குள் அவளைத் திட்டாத திட்டில்லை. விசேஷம் என்று மாடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

வேறு டாக்டரைப் பார்த்துவிடு என்றார் என் வீட்டுக்காரர். அது எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது.

"சொந்த நாத்தனாரே வேற டாக்டர்கிட்ட போனா, வெளியாளு எவ அவகிட்ட வருவா? இப்பத்தான் நாலு பேரு வர ஆரம்பிச்சிருக்காங்க. பச்சை மண்ணு அது. கேட்டா உடைஞ்சு போயிடும்."

"அப்ப நான் உடைஞ்சா பரவாயில்லையா?"

"நீ எதுக்குடி உடையப் போற? நீ இரும்பு."

இரும்பாம். சின்ன வயதிலிருந்து அப்படிச் சொல்லிச் சொல்லியே என் தலையில் எல்லாவற்றையும் கட்டிய குடும்பம் இது. நானும் இரும்பாகவே இருந்து தொலைத்தேன். ஒரு பக்கமாக மென்றேன், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், தலையணையை உயர்த்திப் படுத்தேன், வலி மாத்திரையைச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டேன்.

இப்படியே போயிருக்கும், கணக்கு டீச்சர் மட்டும் இல்லாவிட்டால்.

டீச்சர் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், என்னிடம் கார் கற்றுக்கொள்ள வருகிறார். நிதானமான மனுஷி. பாவம், கிளட்ச் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அன்று காலை கடைத்தெரு முக்கில் திரும்பச் சொன்னேன். திரும்பும்போது கிளட்சை விட்டார், வண்டி துள்ளியது, என் பல் மோதியது. கண்ணை மூடிவிட்டேன். ஒரு நொடிதான். திறந்தபோது வண்டியின் மூக்குக்கு நேரே ஒரு சைக்கிள்காரர், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் எங்கள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரேக்கை நான் மிதிக்கவில்லை. டீச்சர் மிதித்திருந்தார்.

"கத்துக்கறவங்க கண்ணைத் தொறந்து வெச்சிருக்காங்க. கத்துக்குடுக்கற நீங்க மூடிக்கிட்டு வர்றீங்க. நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்டியை ஓரங்கட்டினோம். இத்தனை வருடத் தொழிலில் என் கால் பிரேக்குக்குப் போகாமல் இருந்ததே இல்லை. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த இருக்கையில் உட்காருவது? பல்வலி என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"உங்களுக்கா? உங்களுக்கு வலியே இல்லைன்னு சொன்னாங்களே மேடம்."

"யாரு சொன்னது?"

"உங்க தம்பிதான். எனக்கும் இதே மாதிரி சீழ் வெச்சிருக்கு. நாளைக்கு ரூட் கெனால். பயமா இருக்குன்னு சொன்னேன். அவருதான், 'எங்க அக்காவுக்கே இங்கதான் பண்ணினோம். மறுநாளே வறுத்த கடலையைக் கடிச்சுச் சாப்பிட்டாங்க. அக்காவுக்கு வலியே இல்லையாம்'னு சொன்னாரு. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றாரு. அதைக் கேட்டுத்தான் நான் தைரியமா தேதி வாங்கினேன்."

வறுத்த கடலை. நான் ஒரு மாதமாகக் கஞ்சியும் ரசமுமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன், என் பெயரில் அங்கே கடலை உடைபடுகிறது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. வலிகூடக் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

"டீச்சர், வண்டியை எடுங்க. கிளினிக்குக்குப் போகலாம்."

"நானா? இவ்வளவு தூரமா? நீங்க ஓட்டலாமே மேடம்."

"நான் இப்ப ஓட்டினா யார் மேலயாவது ஏத்திடுவேன். நீங்களே ஓட்டுங்க."

போகிற வழியில் வண்டி துள்ளிய துள்ளல் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு துள்ளலுக்கும் தம்பியை ஒரு வார்த்தை திட்டினேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்க முடியாத வார்த்தைகள். அவர் சாலையைவிட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. அன்றைக்குத்தான் நன்றாக ஓட்டினார் என்று சொல்ல வேண்டும்.

முன்னறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மேஜைக்குப் பின்னாலிருந்து முகமெல்லாம் பல்லாக, "வா அக்கா. இவங்ககிட்ட இப்பத்தான் உன்னப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றான்.

"என்னடா சொன்ன? நான் கடலை தின்னேன்னா?"

அவன் முகம் மாறியது. "உள்ள போய்ப் பேசலாம் அக்கா."

"எதுக்கு உள்ள? நான் கடலை தின்னதை வெளியிலதானே சொன்ன? இதையும் வெளியிலயே பேசலாம். இவங்களுக்கும் தெரியட்டும். எனக்கு வலிக்குதுடா. பண்ணின நாள்லேருந்து வலிக்குது. இன்னிக்கு ஒரு மனுஷன் மேல வண்டியை விட்டிருப்பேன், தெரியுமா? உன் பொண்டாட்டி, நான் நெனச்சுக்கறதாலதான் வலிக்குதுன்னு சொன்னாளாமே. வரச் சொல்லு அவளை. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு."

உள்கதவு திறந்தது. தம்பி மனைவி ஒரு கையில் கையுறையோடு நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"நான் அப்படிச் சொன்னேனா அண்ணி? எப்ப சொன்னேன்?"

"இவன்கிட்ட சொல்லி அனுப்பினியே."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தான். பிறகு இன்னொரு பேனாவையும் நேராக வைத்தான்.

"நான் வாராவாரம் கேட்டேனே இவர்கிட்ட" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணிக்கு எப்படி இருக்கு, ஒருதரம் வந்து காட்டச் சொல்லுங்கன்னு கேட்டேன். சூப்பரா இருக்காங்க, வேலை ஜாஸ்தி, வர நேரமில்லையாம்னு சொன்னாரு. சாப்பிடக் கூப்பிட்டும் நீங்க வரல. என்மேல என்ன கோபமோன்னு நெனச்சு நானா பேசப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

ஆக, என் வலி அவளிடம் போகவே இல்லை. அவள் கேட்டது என்னிடம் வரவே இல்லை. இரண்டு பக்கமும் நல்ல வார்த்தை சொல்கிறேன் என்று நடுவில் உட்கார்ந்து இவன் இரண்டையும் விழுங்கியிருக்கிறான். அத்தனை நாள் மாடியைப் பார்த்து நான் திட்டிய திட்டெல்லாம் போகவேண்டிய இடம் கீழேயே இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடக் கூடாதுன்னுதான் அக்கா. தானா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றான்.

"பல்லு தானா சரியாகுமாடா? ஒரு மாசமா உன் பொண்டாட்டிய எனக்கு எதிரியாக்கி வெச்சிருக்கியேடா." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதேன். அழுதுவிட்டேனே என்ற ஆத்திரம் வேறு.

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணாடியின் காம்பால் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். அந்தப் பல்லைத் தட்டியதும் என் முழங்கால் எகிறியது. இரண்டாம் முறை தட்டாமல், மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் தோளைத் தொட்டாள். படம் எடுத்தாள். பிறகு தலையைச் சாய்க்கச் சொல்லிக் கொஞ்சம் கோணத்தை மாற்றி இன்னொரு படம். திரையில் இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த வேர்ல நரம்புக்குழாய் ஒண்ணுதான்னு நெனச்சுச் சுத்தம் பண்ணினேன். பின்னாடி ஒளிஞ்ச மாதிரி இன்னொண்ணு இருக்கு அண்ணி. அதுல கிருமி அப்படியே இருக்கு. நான் விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்." அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "முதல் வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க இவ்வளவு பட்டிருக்க வேண்டாம். கேப்பை எடுத்துட்டுத் திரும்பத் தொறக்கணும். வேற டாக்டர்கிட்ட போகணும்னாலும் சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் வாசலுக்கு நேரே உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தப்பு என்னோடது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"நீயே பாரு" என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டாள். கேப்பை அறுத்து எடுத்தாள். வாயில் திரும்பவும் பஞ்சு, கண்ணாடி, குழாய். அதற்குள் தம்பி மெல்ல உள்ளே வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டான். அவனால் சும்மா இருக்க முடியாது.

அவள் குனிந்து, சுத்தம் செய்கிற மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்குள் இறக்கினாள். "இப்ப வலி இருக்கா?"

"இருக்காது, ஊசிதான் போட்டாச்சே" என்றான் தம்பி.

அவள் நிமிரவில்லை. "உங்களைக் கேக்கல" என்றாள். "வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவன் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் குழாயை எடுத்தாள், பஞ்சை எடுத்தாள், கண்ணாடியை எடுத்தாள். என் வாயைக் காலியாக்கிவிட்டு மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"இருக்கு" என்றேன்.