மூன்றாம் வாரத்து எரு

நாலு ஆடு வைத்திருந்ததால் அவருக்கு ஆட்டுக்காரர் என்று பெயர். அவர் மனைவிக்கு அளவுக்காரி என்று பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். பன்னிரண்டு வீட்டு உழவர் குழுவில் அவளும் ஒருத்தி. ஆராய்ச்சி நிலையத்துப் பெண்ணும் குழுவும் கலந்து பேசி ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வயலையும் கயிறு கட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் வழக்கம்போல மக்காச்சோளம் மட்டும், மறு பாதியில் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே பயறு. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம்.

"இதுல நீங்க கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மூன்றாம் வாரம் பயறு போட்ட பாதி மஞ்சளடித்தது. வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தவள் தேநீரைத் தொடவே இல்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் வெளியே போயிருந்த ஒருநாள், கொட்டகையில் மக்கிக் கிடந்த ஆட்டெருவை வாளி வாளியாகச் சுமந்து அந்தப் பாதிக்கு மட்டும் போட்டு, மண்ணை இழுத்து மூடினார். இடுப்பு விட்டுப்போயிற்று. கேட்டவளிடம், "வயசாகுதில்ல" என்று சமாளித்தார்.

அறுவடையில் பன்னிரண்டு வயல்களிலும் அவள் போட்ட பயறுப் பாதிதான் முதலிடம். கூட்டத்தில் ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா மாதிரியே அடுத்த தடவை எல்லாரும் முழு வயல்லயும் போட்டுப் பாக்கலாமா?"

மனைவியின் முகம் பூரித்தது. ஆட்டுக்காரரோ மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எரு இல்லாமல் போட்டால் மற்ற பதினோரு வீட்டுக்கும் அடி விழுமே! எழுந்து நின்றார்.

"மேடம், அந்தப் பாதிக்கு மட்டும் நான் திருட்டுத்தனமா எரு போட்டுட்டேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை.

ஆராய்ச்சிப் பெண் நோட்டைத் திறந்தாள். "எத்தனை வாளிண்ணே? எப்போ?"

"பதினோரு வாளி. மூணாவது வாரம், இலை மஞ்சளானப்ப."

"எங்களுதும் அப்பத்தான் மஞ்சளாச்சு" என்றார் கடைசி வரிசையிலிருந்த தச்சர். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். தன் கைப்பிழைதான் என்று நினைத்து இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் மனைவி ஆட்டோடுதான் பேசினாள். "உன் எருவைத் தூக்கிட்டுப் போனவரைச் சாப்பிட வரச் சொல்லு."

மூன்றாம் நாள் நேராகவே கேட்டாள். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"உன் மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"என்கிட்ட சொல்லியிருந்தா வயலை மூணாப் பிரிச்சிருப்பேனே!" என்று சீறியவள், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த பருவம் பன்னிரண்டு வயல்களும் மூன்றாகப் பிரிந்தன. மூன்றாம் பங்கில் பயறோடு மூன்றாம் வாரத்தில் எருவும். எட்டு வயல்களில் அந்தப் பங்குதான் அதிகம் விளைந்தது. தண்ணீர் தேங்கும் நாலு வயல்களில் பலனில்லை. அங்கே முதலில் வடிகால் வெட்டுவது என்று முடிவாயிற்று.

தன் வயலில் மூன்றாம் பங்கு விளைச்சலின் எடையைப் பார்த்ததும் அளவுக்காரி குழுவிடம் போகவில்லை. தராசை அப்படியே விட்டுவிட்டு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் மூச்சிரைக்க ஓடினாள்.

"ஜெயிச்சிட்டோங்க!"