கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புட்டி

என் மாமனார் ஊதா மை வேண்டும் என்று கேட்டார். நான் வேலைக்குக் கிளம்பி, ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில் இருந்த நேரம் பார்த்துக் கேட்டார். வீட்டில் எனக்கு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

"நல்லா பளிச்சுன்னு இருக்கணும் மிளகா. கத்திரிப்பூ கலர் இருக்கு பாரு, அதைவிட அடர்த்தியா."

மிளகா என்பது நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் என் வாயைப் பார்த்து அவர் வைத்த பெயர். நான் துணி வெளுக்கும் கடையில் கறை எடுப்பவள். காபி, துரு, எண்ணெய், ரத்தம் என்று எது பட்ட துணியானாலும் என் மேஜைக்குத்தான் வரும். போகாத கறை என்று ஒன்று கிடையாது, பொறுமையில்லாத கை என்றுதான் ஒன்று உண்டு என்று நான் வீட்டில் பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு.

மாமா குடிநீர் வாரியத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதைக் கறுப்பு மையால் வரைந்தே வயதைக் கழித்தவர். கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் அவர் ஒரு புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. மை நிரப்பும்போதுகூட அவர் விரலில் ஒரு துளி பட்டதில்லை. விரலில் மை பட்டவனை மேஜையிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

"சாகப்போற நேரத்துல என்ன மாமா புது ஷோக்கு" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சில நேரம் எனக்கும் வாயை அடக்கத் தெரியும்.

ஏனென்றால் அவர் உண்மையிலேயே சாகப்போகிறவர்தான். அவருடைய நுரையீரல் காய்ந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மருந்தால் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்று டாக்டர் எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அறை மூலையில் ஆக்சிஜன் மெஷின் முனகிக்கொண்டே இருக்கும். டாக்டர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். நகம் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அங்கே பெரிய மெஷினில் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம் என்றார்.

மாமா ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பெரிய மெஷினில் கிடந்துவிட்டு வந்தவர். தொண்டைக்குள் விட்ட குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று அவர் கைகள் இரண்டையும் கட்டில் கம்பியோடு கட்டிவைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் பேச முடியாமல் விரல்களை மட்டும் ஆட்டினார். பேனா கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கட்டியிருந்த கையில் பேனாவை எப்படிக் கொடுப்பது? அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பேசியது, "இனிமே அங்க வேண்டாம்பா" என்பதுதான். மகனைப் பார்த்துத்தான் சொன்னார். மகன் மாத்திரை டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கு நடுவில் நின்றுபோன எந்த லிஃப்டையும் கிளப்பிவிடுவார். அப்பாவையும் அப்படித்தான் நினைத்தார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், சட்டையைக் கூட மாற்றாமல், அப்பாவின் கையை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நகங்களைப் பார்ப்பார். பிறகு விரலில் மாட்டும் கிளிப்பைப் போட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதில் வரும் எண்ணைப் பார்ப்பார். அது முடிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலில் நான் வாங்கிவந்த புட்டியை மாமா திருப்பி அனுப்பிவிட்டார். அதையும் சும்மா அனுப்பவில்லை. மடியில் பலகையை வைத்துக்கொண்டு, பேனாவை நிரப்பி, ஒரு கோடு, ஒரு வட்டம், பக்கத்தில் பட்டையாக ஒரு பூச்சு போட்டார். காயவிட்டார். ஏற்கெனவே பென்சிலால் போட்டிருந்த கோட்டின் மேலே ஊதாவைத் தடவினார். மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தித்தான் இதெல்லாம் நடந்தது.

"பாரு, பென்சில் கோடு தெரியுது. ரொம்ப வெளுப்பு. அடியில இருக்கறது தெரியக் கூடாது."

"அடியில இருக்கறது தெரிஞ்சா என்ன மாமா, நீங்க என்ன குழாயா புதைக்கப் போறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

இரண்டாவதாக வாங்கிவந்த புட்டி ஏமாற்றவில்லை. மூடியைத் திறந்ததுமே அறையே கொஞ்சம் மாறிப்போனது. பழைய சுவர், மருந்து வாடை, சலவையில் வெளுத்த போர்வை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஊதா வெட்கமில்லாமல் ஜொலித்தது. தாளில் இழுத்தபோது ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்து, காயக் காயப் பளீரென்று எழுந்தது. கோடு முடியும் இடத்தில் மை கொஞ்சம் தேங்கி, ஓரத்தில் செம்பு மாதிரி மினுங்கியது. பென்சில் கோடு இருந்த இடமே தெரியவில்லை. மாமா தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்னையும் எழுதிப் பார்க்கச் சொன்னார். நான் என் பெயரை எழுதினேன். என் கோழிக்கிறுக்கல்கூட அந்த நிறத்தில் மரியாதையான கையெழுத்தாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் சந்தோஷம் எட்டிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இதுதான்" என்றார் மாமா. "இது மறைக்கும்."

அன்றிலிருந்து வரையத் தொடங்கினார். குழாய்கள், வால்வுகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் ஊதாவில். கூடவே இன்னொன்றும் தொடங்கியது. பேனாவை நிரப்பும்போதெல்லாம் கையில் கொட்டிக்கொண்டார். பத்து விரலும் நகக்கண் வரை ஊதா.

"யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார்.

"யானை ஒரு தடவை சறுக்கும் மாமா. நீங்க தினம் சறுக்குறீங்க."

கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க வருத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான கைக்கு இப்படி ஒரு முடிவா என்று.

என் வீட்டுக்காரருக்கு வந்தது வேறு கவலை. நகத்தைப் பார்த்தால் ஊதாவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளிப்பை மாட்டினால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுதான் வந்தது. கழற்றினார், ஊதினார், பேட்டரி மாற்றினார். தன் விரலில் மாட்டினால் எண் வருகிறது, அப்பா விரலில் வரவில்லை. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கிளிப்பையே பிரித்துப்போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் எந்தச் சாமானும் முழுசாக இருந்ததில்லை. உள்ளே பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிட்டு, என்னிடம் வந்தார்.

"கிளிப்புல ஒண்ணும் இல்ல. மைதான் வெளிச்சத்தை மறைக்குது. நாளைக்கு நீ லீவு போட்டாவது அப்பா கைய சுத்தமா தொடச்சு வை. சாயங்காலம் வந்து பாத்தே ஆகணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"அப்பா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. நகத்த பாக்கணும். நீலமா இருந்தா உடனே கெளம்பிடணும்." கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் இருக்கேன்ல, விட்ருவேனா."

மறுநாள் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு மாமாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"விடும்மா. நாளைக்கு மறுபடியும் ஆகப்போகுது."

"உங்க பிள்ளை உத்தரவு மாமா. அவர்கிட்ட திட்டு வாங்க என்னால ஆகாது."

பெரிய கறையாக இருக்கும் என்று எண்ணி ஆயத்தமாக வந்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. சோப்புத் தண்ணீர் பட்டதும் ஊதா கரைந்து கிண்ணத்தில் இறங்கியது. தோல் மடிப்பில் இருந்தது போயிற்று, நகக்கண்ணில் இருந்தது போயிற்று. நகத்துக்குள் இருந்தது மட்டும் போகவில்லை. இன்னொரு பஞ்சை எடுத்துத் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. கறை என்றால் ஓரத்தில் தேங்கும், திட்டுத் திட்டாக நிற்கும். இது நகத்துக்கு அடியில் ஒரே சீராகப் பரவியிருந்தது. மேலே பூசிய நிறம் இல்லை, உள்ளேயிருந்து வந்த நிறம். விரல் ஜில்லென்று இருந்தது.

போர்வையின் மறுமுனையைத் தூக்கிப் பார்த்தேன். கால் விரல் நகங்களும் அதே நிறத்தில் இருந்தன. காலால் யாரும் பேனா பிடிப்பதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். இந்த மனுஷன் ஒரு புட்டி மையில் மறைத்திருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடைக்கும் வீட்டுக்கும் என்னை அலையவிட்டு, நிறம் பார்த்து வாங்கவைத்து, என் கையாலேயே என் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

"எப்பலேர்ந்து மாமா?"

"மை கேட்டேன்ல, அதுக்குக் கொஞ்சம் முந்தி. அப்போ காலையில மட்டும் வரும், அவன் சாயங்காலம் பாக்கறதுக்குள்ள போயிடும். நகத்தப் பாத்துதான் உனக்குக் கலரே சொன்னேன்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சைத் தேடினார். "கோவிச்சுக்காத மிளகா. கைய கட்டிடுவாங்க. அதான்."

"நான் அவர்கிட்ட பேசறேன். புரிஞ்சுக்குவார்."

"அவன் நல்லவன். கேக்க மாட்டான். ரிப்பேர் பண்றவன்கிட்ட போய், போதும் நிறுத்துன்னு சொன்னா அவனுக்கு எப்படிப் புரியும்? நீ சொல்லு பாப்போம், இன்னொரு தடவ அங்க போயி நான் திரும்பி வருவேனா?"

நான் பொய் சொல்லத் தெரிந்தவள்தான். அந்தக் கேள்விக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. அந்தச் சில்லிட்ட கையைத் துடைத்துத் திருப்பினேன். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவைத்திருந்த இடத்துப் புண் இன்னும் ஆறியும் ஆறாமலும் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது.

எழுந்து போய் ஊதாப் புட்டியை எடுத்துவந்தேன். வாழ்நாள் முழுக்கக் கறை எடுத்த கை, அன்றைக்குப் பஞ்சை மையில் நனைத்து, ஒவ்வொரு நகமாகக் கறை போட்டது. மாமா கையை ஆடாமல் நீட்டிக்கொண்டிருந்தார். நடுக்கம் எதுவும் இல்லை. கால்களுக்கு என் வீட்டுக்காரருடைய கம்பளி சாக்ஸை மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். சட்டையை மாற்றவில்லை. அப்பாவின் கையை வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூக்கியவர் என்னைப் பார்த்தார்.

"போகலையா?"

"போகல."

"போகாத கறைன்னு ஒண்ணு கெடையாதுன்னு சொல்லுவியே."

"இருக்குங்க."

அவர் கிளிப்பைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் போர்வைக்கு மேலேயே அப்பாவின் காலைக் கொஞ்சம் பிடித்துவிடுவார். அன்றைக்குப் போர்வையை விலக்கி, காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சாக்ஸ்?"

"குளிருதுன்னார்" என்றேன்.

அவர் சாக்ஸை மெதுவாகக் கழற்றினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டை விரலால் ஒரு நகத்தைத் தேய்த்தார். தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட எழுந்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். மூலையில் மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

"கால்லயும் கொட்டிடுச்சாப்பா?" என்று கேட்டார்.

மாமா கண்ணைத் திறந்தார். மகனையே பார்த்தார்.

"ஆமாம்பா. கொட்டிடுச்சு."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். சாக்ஸைத் திரும்ப மாட்டி, குதிகாலில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். பிறகு கிளிப்பைப் பிரித்து, பேட்டரியை வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் அப்பாவின் காலை மடியில் எடுத்துக்கொண்டார்.