கடிதத்தில் இல்லாத வரி

1991இல் பஞ்சவர்ணம் ஆவடியிலிருந்து பஸ் பிடித்துத் திருமழிசைக்கு வந்தாள். பூச்சிமருந்தைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பூச்சிமருந்து ஆலையின் கழிவுக்குழாய் கூவத்தில் விழும் இடத்தில் அது கிடைக்கலாம் என்று நம்பினாள். நாற்றம் தாங்காமல் கரையிலேயே நின்றவளுக்காக, குழாய்க்கு மேல்பக்கம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த குப்பம்மா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, பாட்டிலில் சேறு அள்ளித் தந்தாள்.

அந்தச் சேற்றில் பாக்டீரியா இருந்தது. ஆய்வகக் குடுவையில் ஒன்பதே நாளில் மருந்தில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது.

குழாயை அடைக்கச் சொல்லி ஊரார் அப்போது மனு கொடுத்திருந்தார்கள். ஆலை மேலாளர் பக்தவத்சலம் அவளை வரவழைத்து, ஊராருக்குப் புரியும்படி அதை ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதினாள். கடைசி வரியாக, கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரில் அதே பாக்டீரியா மருந்தைத் தொடவே இல்லை என்றும் எழுதியிருந்தாள். அந்த வரி ஜனங்களைக் குழப்பும் என்றார் அவர். அவர் வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' என்று அழைத்ததில் மயங்கி, அதை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் வாசித்தார்கள். குழாய்க்கு எதிரான மனுவை ஊரார் திரும்பப் பெற்றார்கள். அதுவரை மேல்பக்கமே மாடு இறக்கியவர்கள் குழாய்க்குக் கீழேயும் இறக்கினார்கள். கோடையில் நான்கு எருமைகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. இரண்டு குப்பம்மாவுடையவை.

மறுபடி சேறெடுக்க வந்தபோதுதான் பஞ்சவர்ணத்துக்கு விஷயம் தெரிந்தது. குப்பம்மா திட்டவில்லை.

"உன் பூச்சிங்களுக்கு இந்த வாட்டி பசிக்கலியா இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

பஞ்சவர்ணம் எடுத்துவிட்ட வரியைப் பற்றிச் சொன்னாள்.

"அப்பவே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்க்கா."

குப்பம்மா மிச்சமிருந்த ஒற்றை எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு பஞ்சவர்ணம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த வரியைப் படித்தாள். தெரிந்தே விட்டதாகவும் சொன்னாள். எருமையைப் பறிகொடுத்த ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார். அவளுடைய பரிசோதனைக் குறிப்புகளோடு ஊரார் மீண்டும் மனு கொடுத்தார்கள். குழாயை அடைக்க ஏழு மாதம் ஆயிற்று.

ஆராய்ச்சிக்குப் பட்டம் வாங்கிய மறுநாள் பஞ்சவர்ணம் குப்பம்மா வீட்டுக்குப் போனாள். குப்பம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"லாரித் தண்ணிதான். பயப்படாம குடி."

பஞ்சவர்ணம் குனிந்த தலை நிமிராமல் குடித்து முடித்தாள்.