கண்டலுக்குள் ஒரு வீட்டுத்திட்டம்

யாழ்ப்பாண நகரின் மேற்கே, கடனீரேரிக் கரையில் இருந்த கண்டல் எனும் அலையாத்திக் காட்டை கத்தரீனாவும் அவளுடைய மாதர் சங்கத்துப் பெண்களும் தங்கள் கையால் நட்டு வளர்த்திருந்தார்கள். யுத்தம் முடிந்த கையோடு தொடங்கிய வேலை. அந்த வேர்களுக்கிடையில் பெருகிய இறால்தான் அவர்களுடைய அடுப்பை எரித்தது.

காட்டை அழித்து வீடு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெண்கள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. காணி அரசாங்கத்துடையது, வீடு இல்லாத சனத்துக்குத்தானே கட்டுகிறோம் என்றுதான் எல்லா இடத்திலும் பதில் வந்தது. கடைசியில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வரும் ஒழுங்கையில் பாயை விரித்துக் குந்திவிட்டார்கள். சாரதி சண்டை பிடிக்கவில்லை. தினமும் வருவான், இயந்திரத்தின் நிழலில் இருந்துவிட்டுப் போய்விடுவான்.

ஒரு காலை வீடு கிடைக்கவிருந்த குடும்பங்களையே அதிகாரிகள் கூட்டிவந்தார்கள். அதில் ஷம்னாவும் நின்றாள். கத்தரீனாவிடம் இறால் வாங்கி வடை சுட்டு விற்பவள் ஷம்னா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்தில், புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோரின் ஊருக்கு வந்த பிறகும் கணவனோடும் மாமியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள்.

"அக்கா, நீங்களும் இருக்கிறீங்களோ?" என்று கேட்டாள் ஷம்னா.

"நான்தான் இந்தப் பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

ஷம்னா காட்டைப் பார்த்தாள். "எங்களுக்கு வெறுங்காணி எண்டுதான் சொன்னவை. உந்தக் காட்டை வெட்டுவினம் எண்டு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பியோ?"

ஷம்னா யோசித்தாள். "இல்லையக்கா. சொல்லியிருக்க மாட்டன்."

"வேறை இடம் கேட்டுப் பாப்பம். நாங்களும் உங்களோடை வாறம்."

"கேட்டனாங்கள். இது வேண்டாமெண்டா பேரை வெட்டிப்போடுவம் எண்டவை."

ஷம்னா சிறியவளை இடுப்பில் வைத்தபடி மெதுவாகப் பாயின் ஓரத்தில் குந்தினாள். அவளுடைய கணவன் இஸ்ஸத் தூரத்தில் நின்று, "ஷம்னா, எழும்பு" என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவள் எழுந்து போனாள்.

கத்தரீனாவுக்குப் பக்கத்தில் இருந்த பத்மாவதி, "இதுகளை வீடில்லாமல் வைச்சுக்கொண்டு எங்களாலை எப்பிடியடி இருக்கேலும்" என்று முணுமுணுத்தாள். பிறகு அவளும் எழுந்தாள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்து ஒழுங்கையின் ஓரத்துக்குப் போனார்கள். கடைசியாகக் கத்தரீனா பாயைச் சுருட்டினாள். பெக்கோ அவர்களைக் கடந்து சேற்றுக்குள் இறங்கியது. பின்னேரம் வரைக்கும் வேர் முறியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஐப்பசிக்குள் வீடுகள் எழும்பி, சனம் குடிவந்தது. கார்த்திகை மழையோடு ஏரித் தண்ணீரும் வீட்டுக்குள் வந்தது. இறால் அற்றுப்போய்க் கருவாடு காயவைக்கும் வாடியில் கூலிக்கு நின்ற கத்தரீனா, கேள்விப்பட்டு வாளியோடு போனாள். ஷம்னாவின் குசினியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இரண்டு பேரும் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள்.

"எப்பக்கா இது வத்தும்?"

"முந்தி, காடு நிண்ட காலமெண்டா சொல்லியிருப்பன்," என்றாள் கத்தரீனா. "இப்ப எனக்கும் தெரியேல்லை."

அவர்கள் வாளியால் அள்ளி வெளியே ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் வாசற்படியைத் தாண்டித் திரும்ப உள்ளே வந்தது.